குண்டைப் பிடிக்காத கூடுகள்

மார்லிஸ் டொல்லெஃப்சன் வீட்டுக்கு வாரம் மூன்று நாள் தபால் கொண்டுபோவேன். மோன்டானாவில் என் பாதையின் கடைசி வீடு அது. அக்டோபரில் அவள் கணவன் வெர்லுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. தோட்டா தயாரிக்கும் அவனுடைய பட்டறை நிலவறையில் இருந்தது. சக்கர நாற்காலி அங்கே இறங்காது. பட்டறையைச் சமையலறைக்கு ஏற்றச் சொன்னான். ரொட்டி மாவு பிசையும் மேஜையில் கைப்பிடியை இழுத்துத் தோட்டாவை அழுத்தும் பிரஸ்ஸை நான்தான் போல்ட் போட்டு இறுக்கிக் கொடுத்தேன். அன்று முதல் மார்லிஸுக்கு அடுப்பை விட்டால் பிரஸ், பிரஸ்ஸை விட்டால் அடுப்பு.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எங்கள் ஊரில் யாரும் எறிவதில்லை. சுடும்போது அதன் கழுத்து விரிந்துவிடும். அச்சில் விட்டுக் கழுத்தை இறுக்கி, வெடிமருந்து போட்டு, புதுக் குண்டைச் செருகினால் மறுபடியும் தோட்டா. இத்தனை வருஷம் வெர்ல் செய்த வேலை. இப்போது கை மட்டும் அவளுடையது.

"மெதுவா இழு. மாவா பிசையிற?"

"மாவு பிசையிற மேஜைதானே இது."

மார்ச்சில் ஆடுகள் குட்டி போட்டன. ஒருநாள் காலை கொயோட் நரி ஒன்று பட்டிக்குள் புகுந்தது. மார்லிஸ் ஓடிப்போய்த் துப்பாக்கியைக் குறிவைத்து விசையை இழுத்தாள், வெடிக்கவில்லை. மருந்து நனைந்திருக்குமோ என்று தோட்டாவை வெளியே இழுத்தாள். கூடு மட்டும் வந்தது. குண்டு குழலுக்குள் மாட்டிக்கொண்டது, மருந்தெல்லாம் அவள் உள்ளங்கையில் கொட்டியது. நரி இரண்டு குட்டிகளைக் கொண்டுபோனது.

"கழுத்தை ஒழுங்கா இறுக்கலைன்னா இப்படித்தான்," என்றான் வெர்ல்.

அந்த வாரம்தான் ஸ்போகேன் நகரத்திலிருந்து மார்லிஸின் தங்கை ஆர்டித் போனில் கூப்பிட்டாள். "மூணு வாரம் வந்து இருடி. டவுன் முதியோர் இல்லத்துல அவரைப் பாத்துப்பாங்க."

வெர்ல் கேட்டுக்கொண்டே இருந்தான். "முதல்ல தோட்டா சரியாகட்டும். அப்புறம் போ."

அதை அவள் வாக்கு என்றே எடுத்துக்கொண்டாள். அச்சைக் கழற்றிக் கழுவினாள். குண்டு தளர்வாகவே நின்றது. கூட்டை இன்னும் ஆழமாக அழுத்திப் பார்த்தாள். அப்படியேதான். அச்சுக்குள் கழுத்தை நெரிக்கும் எஃகு வளையத்தை, புஷ்ஷை, எடுத்து அளந்தாள்; தேயவில்லை. கடைசியில் கழுத்தின் சுவரையே மைக்ரோமீட்டரில் பிடித்தாள். பழைய பெட்டியில் இருந்த கூடுகளில் ஓர் அங்குலத்தின் ஆயிரம் பங்கில் பதினைந்து. அவள் இப்போது மருந்து போட்டுவந்த இருநூறு கூடுகளிலும் பதிமூன்று. யாரோ கழுத்தைச் சீவி மெல்லிசாக்கியிருந்தார்கள். மெல்லிய கழுத்துக்கு அந்த புஷ் பெரிது. எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது.

யார் சீவியது என்பது இழுப்பறையில் கிடைத்தது. ஒரு காபி டப்பா நிறையப் பித்தளைச் சுருள்கள். மூடியில் வெர்லின் கையெழுத்தில் செப்டம்பர் மாதத் தேதி. அவனுக்கு அது நினைவிலேயே இல்லை.

சுவருக்கு இரண்டு என்று இரண்டு பக்கமும் சேர்த்து, ஆயிரத்தில் நாலு சிறிய புஷ் ஒன்றை வரவழைத்தாள். தபாலில் நான்தான் கொண்டுபோனேன். புதுத் தோட்டாவைக் கவிழ்த்து, கட்டைவிரலின் பலம் முழுதும் கொடுத்து மேஜையில் அழுத்தினாள். குண்டு அசையவில்லை.

"எங்கே தப்பு?" என்று கேட்டான் வெர்ல்.

"நான்தான் வேற புஷ்ஷை மாட்டிட்டேன்."

"எனக்கு அப்பவே தெரியும். உன்னை நம்பி எதையும் விட முடியாது. ஸ்போகேன் எல்லாம் இந்த வருஷம் வேணாம், மார்லிஸ்."

அவள் கோட்டுகூடப் போடாமல் என் வண்டிவரை நடந்து வந்தாள். "அவன் மனசு நோகக் கூடாதுன்னு ஒரு பொய் சொன்னேன், டெல்மர். எனக்கே வினையாப் போச்சு."

"உண்மையைச் சொல்லிடேன்."

பத்து நாள் பொறுத்தாள். பிறகு டப்பாவைக் கொண்டுபோய் அவன் மடியில் வைத்தாள். இடக்கையால் அவன் சுருள்களைக் கிளறினான். மூடியைத் திருப்பி வெகுநேரம் படித்தான்.

"என் சீவல்தான். எப்போ பண்ணினேன்?"

"நீ விழறதுக்கு முன்னாடி."

"வேற என்னென்ன பண்ணியிருக்கேன்?"

அவள் மூடியை வாங்கி டப்பாவை மூடினாள். அன்றோடு அவன் அதட்டல் நின்றுபோனது. பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் ஆட்டுப் பட்டிக்குப் போனால் ஜன்னலைத் தட்டினான். துணி காயப்போடப் போனாலும் தட்டினான். மாத்திரை சாப்பிட்டேனா, கதவைப் பூட்டினேனா, நேற்று யார் வந்தது என்று கேட்டான். முன்பு போகாதே என்று சொன்னவனோடு சண்டையாவது போட முடிந்தது. இப்போது எங்கே போறே என்று குழந்தை மாதிரி கேட்பவனிடம் அதுவும் முடியவில்லை.

ஜூலையில் நான் நான்கு நாள் விடுப்பு எடுத்து வெர்லோடு தங்கினேன். மார்லிஸ் ஸ்போகேன் போனாள். மூன்றாம் நாள் மத்தியானமே திரும்பிவிட்டாள்.

"ஏன் அதுக்குள்ள வந்துட்டே?" என்றேன்.

"அவன் கூப்பிடுவானோன்னு ஆர்டித் வீட்டுல ரெண்டு நாளும் போன் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன்," என்று சொல்லிக்கொண்டே ஏப்ரனைக் கட்டினாள். "நீ சாப்பிட்டுப் போ."