சத்தம் பார்க்கிற சோதிலிங்கம்

பேனா மூடியை ஊதுகிற மாதிரி அம்பு முனையை உதட்டோரம் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார் சோதிலிங்கம். அந்த முனையில் மூன்று அலகுகள். எடை குறைப்பதற்காக ஒவ்வோர் அலகின் நடுவிலும் ஒரு துளை வெட்டியிருந்தார்கள். அந்தத் துளைக்குள்ளால் காற்றுப் போகும்போது விசில் அடிக்கிறதா இல்லையா என்பதுதான் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவருக்கு அவசரமாகத் தெரியவேண்டியிருந்தது.

"பிளேட்டுக்கு முத்தம் குடுக்கிற மனிசனை இப்பதான் காணுறன். சொண்டு கிழிஞ்சால் நாளைக்கு வேலையில என்ன சொல்லப்போறியள்?" என்று குசினி யன்னலுக்குள்ளிருந்து கேட்டார் மனைவி புஷ்பவதி.

"இது விசில் அடிக்குது, இஞ்சரும்," என்றார் சோதிலிங்கம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு அவ்வளவாக இல்லை.

விரி என்கிற புறநகரில் விசிறி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கடைசி மேசை அவருடையது. குளியலறைக் கூரையில் பூட்டுகிற சிறிய விசிறிகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, கண்ணை மூடி, தலையைச் சற்றே இடப்பக்கம் சாய்த்துக் கேட்பார். இரைந்தால் சிவப்புத் துண்டு ஒட்டித் திருப்பி அனுப்புவார். நல்லதென்றால் விரலை மடக்கி அதன் முதுகில் இரண்டு தட்டு. சத்தம் அளப்பதற்கென்று நிர்வாகம் ஒரு கருவியும் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அதன் மேல் அவர் தேத்தண்ணீர்க் கோப்பையை வைப்பார்.

அந்த இரண்டு தட்டு வீட்டுக்கும் வந்துவிட்டது. புது டயருக்கு இரண்டு தட்டு, தர்ப்பூசணிக்கு இரண்டு தட்டு, உப்புப் புளி சரியாக அமைந்த சொதிச் சட்டிக்கும் இரண்டு தட்டு. மாசி என்கிற புறநகரில் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று, ஏஜன்ட் பெண் வெயில் விழும் திசையைப் புகழ்ந்துகொண்டிருக்க, இவர் ஒவ்வொரு கதவையும் மூடித் திறந்து காது கொடுத்துக்கொண்டு போனார். கடைசியில் கூடத்துச் சுவரில் இரண்டு தட்டு. மோர்ட்கேஜ் பத்திரத்தில் கையெழுத்து விழுந்தது அதற்குப் பிறகுதான்.

இப்படிப்பட்டவர் வில்லை எடுத்ததற்குக் காரணம் கொலின். தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், வேட்டைக்காரன். முதலில் துவக்கோடுதான் கூப்பிட்டான். சோதிலிங்கம் ஒரே ஒரு வெடி கேட்டார். கேட்டதும் காரில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதைக் கண்ட கொலின் அடுத்த வாரம் தன் பழைய வில்லைக் கொண்டுவந்து கொடுத்தான். கப்பி வைத்த வில். அம்பு மணலில் இறங்குகிற மெத்தென்ற சத்தம் சோதிலிங்கத்துக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. ஊர்ச் சனம் கூடுகிற இடங்களில், சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவருக்கு வில்லும் அம்பும் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. "நான் வெடிச் சத்தத்துக்குத்தான் ஓடி வந்தனான். இது சத்தமில்லாத சாமான்," என்பார்.

புஷ்பவதி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார். மாமிசம் தொடாதவர். கணவர் கொண்டுவரும் இறைச்சி கராஜில், தனி அடுப்பில், தனிச் சட்டியில் கொண்டுவந்தவராலேயே சமைக்கப்படும். கறித்தூள் மட்டும் புஷ்பவதி வறுத்து இடித்தது. வெள்ளிக்கிழமைகளில் வில் கராஜ் சுவரிலுள்ள ஆணியை விட்டு இறங்காது. கராஜ் கூட்டும்போதுகூட அந்தச் சுவருக்கு ஒரு முழம் தள்ளித்தான் புஷ்பவதியின் தும்புத்தடி போகும். ஆறு வருடத்தில் ஒரு தடவையாவது அந்த வில்லை அவர் தொட்டதில்லை.

"முருகனே வேடனா வந்தவர்தானே?" என்று சோதிலிங்கம் ஒருமுறை நியாயம் சொல்லிப் பார்த்தார்.

"அவர் மானைச் சாட்டா வைச்சு வள்ளியைப் பாக்க வந்தவர். அம்பு விட்டவரோ?" என்றார் புஷ்பவதி. அதோடு அந்த வழக்குத் தள்ளுபடியாயிற்று.

போன ஏப்ரலில்தான் சங்கடம் நடந்தது. கைப்பரா என்கிற நாட்டுப்புறத்தில் கொலினின் தமையனுக்கு ஒரு பண்ணை. ஏப்ரலில் அங்கே கிடா மான்கள் இணை தேடி உறுமிக்கொண்டு வெளியே வரும். இருபது மீற்றரில் ஒன்று பக்கவாட்டாக நின்று மேய்ந்துகொண்டிருந்தது. சோதிலிங்கம் நாணை இழுத்துக் குறிவைத்தார். மான் தலையை நிமிர்த்தியது. அவர் அம்பை விட்டுவிட்டார். அம்பு போய்ச் சேருவதற்குள் அது உடம்பைத் தாழ்த்தித் திரும்ப, நெஞ்சுக்குப் போன அம்பு வயிற்றில் இறங்கியது. பைன் மரங்களுக்குள்ளும் மானுக்கா என்கிற வாசனைச் செடிப் பற்றைகளுக்குள்ளும் இரண்டரை மணித்தியாலம் தேடினார்கள். கண்டபோது அதற்கு உயிர் இருந்தது. கொலின்தான் கத்தியால் முடித்தான். சோதிலிங்கம் மறுபக்கம் திரும்பி நின்றார். ஆனால் காதைத் திருப்ப முடியவில்லை. அந்த மூச்சின் சத்தத்தை அவர் அதற்குப் பிறகு பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் புஷ்பவதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அது உடனேயே செத்ததோ?"

மனைவியிடம் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இல்லை," என்றார்.

"நீங்கள் இறைச்சி தின்னுறதைப் பற்றி நான் ஒண்டும் கதைக்கேல்லை. அது துடிக்கக்கூடாது. இன்னொருக்கா இப்பிடி நடந்தால் இந்த வில்லு இந்த வீட்டில இருக்கக்கூடாது."

"ஓம்," என்று கையில் அடித்துக் கொடுத்தார் சோதிலிங்கம். வேறென்ன சொல்வது? அவருக்கே அப்படித்தான் தோன்றியது.

அந்த மானுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் அன்றிலிருந்து அவரைக் குடைந்தது. தான் நின்ற இடத்தில் ஒரு சத்தமும் கேட்கவில்லை; அவருடைய காது பிழைக்கிற காதும் இல்லை. ஆகவே அம்புதான் சத்தம் போட்டிருக்கவேண்டும் என்று தீர்மானித்தார். அமெரிக்க விற்பனைப் பட்டியல்களைத் தருவித்துப் படித்தார். கடைக்காரனிடம் போய் முனைகளை ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்தார். முனையில் மூன்று சாதி என்று கண்டுகொண்டார். துளை வைத்த மூன்று அலகு முனை நேராகப் பறக்கும், அலகு மழுங்கினால் மாற்றலாம், ஆனால் அவருக்குச் சந்தேகமெல்லாம் அதன்மேல்தான். மூடிக்கொண்டு பறந்து உடம்பில் பட்டதும் விரிகிற முனை இப்போதைய மோஸ்தர். "விரியாட்டி?" என்று ஒரு சொல்லில் அதைத் தள்ளிவிட்டார். மூன்றாவது, துளையில்லாத இரண்டு அலகு முனை. பழைய சாமான். கல்லில் நாமே தீட்டவேண்டும். தீட்டிய அலகை இடக்கை மயிரில் வழித்துப் பார்ப்பார். ஏப்ரல் நெருங்க நெருங்க அவருடைய இடக்கை மழமழவென்று ஆகிவிட்டது.

இதெல்லாம் வீண் வேலை என்பது கொலினின் கட்சி. மேய்கிற மான், அம்பு பாடிக்கொண்டே வந்தாலும் கவலைப்படாது. ஏற்கெனவே காதை நிமிர்த்திவிட்ட மானுக்கு நாண் அதிர்கிற சத்தமே போதும் என்றான். சோதிலிங்கம் கலண்டரின் முதுகில் கணக்குப் போட்டார். இருபது மீற்றருக்குச் சத்தம் போய்ச்சேர ஒரு விநாடியில் பதினேழில் ஒரு பங்கு. அம்புக்குக் கால் விநாடிக்கும் மேலே. எந்தச் சத்தமானாலும் அம்புக்கு முன்னால் போய்விடும். அப்படியென்றால் அது எந்தச் சத்தம்? அம்பு விடுகிற இடத்தில் நின்று அதைக் கேட்க முடியாது. மான் நிற்கிற இடத்தில் ஒரு காது வேண்டும்.

அதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை புஷ்பவதி கைவேலையை விட்டுவிட்டு வளவுக்குள் இறங்கினார். வளவின் கோடியில் மணல் மேடு. அதற்கு ஐந்து காலடி தள்ளிப் பழைய கொங்கிரீற் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டு, புஷ்பவதியை இருத்தி, கையில் பென்சிலும் தாளும் கொடுத்தார் சோதிலிங்கம். "வடிவாக் கேளும். என்ன கேட்டாலும் எழுதும்," என்றார்.

ஆறு அம்பு. இரண்டு சாதி முனை, மாறி மாறி. ஆறும் மணலில் இறங்கிய பிறகு தாளை வாங்கிப் பார்த்தார். துளை வைத்த முனைகளுக்கு 'உஸ்' என்று எழுதியிருந்தது. இரண்டு அலகு முனைகளுக்கு நேரே ஒரு கோடு மட்டும்.

"பாத்தீரோ? நான் சொன்னன். துளைதான்."

"அது சரி. எல்லாத்துக்கும் முதல் ஒண்டு கேட்டது. அதை எழுதேல்லை."

"நாணாயிருக்கும். ரப்பர் குஞ்சம் கட்டினால் அது சரிவரும்."

"நாணுக்கு முதல்."

"இழுக்கேக்கை அம்பு வில்லில உரசுறதோ?"

"இல்லையப்பா. நீங்கள் 'முருகா' எண்டு சொன்னது."

"ஆர், நானோ? நான் வாயே திறக்கேல்லை."

"ஆறு அம்பு. ஆறு முருகா," என்றார் புஷ்பவதி. "அதுவும் சின்னச் சத்தமில்லை. பக்கத்து வீட்டு நாய் ஒவ்வொருக்காவும் எழும்பிப் பாத்தது."

சோதிலிங்கம் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். நாளொன்றுக்கு முந்நூறு விசிறியில் இரைச்சல் கண்டுபிடிக்கிற காது, தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டதேயில்லை. போன ஏப்ரலில் மான் தலை நிமிர்த்தியது அவர் நாணை விடுவதற்கு முன்னால். அதை அவர் கண்ணாலேயே கண்டார். கண்டும், பாவம், ஒரு வருடமாக முனையை ஊதிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. புஷ்பவதி அதற்கு முன்னமே சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

கண்டுபிடித்தது பாதி. நிறுத்துவது மற்றப் பாதி. சொல்லாமல் விடுவோம் என்று நாணை இழுத்தால் விரல் விடமாட்டேன் என்றது. கை சலிக்கும் வரை இழுத்தபடியே நின்று, திரும்பத் தளர்த்துவார். "காரில ஏறேக்கை ஒருக்காச் சொல்லுங்கோ, அது காணும்," என்று புஷ்பவதி வழி சொன்னார். ஒருமுறை போதவில்லை. பல்லுக்கிடையில் கராம்பு வைத்துப் பார்த்தார், விரல் விட்டது. ஆனால் கராம்பு வாசத்துக்கு அந்தப் பண்ணையே காலியாகிவிடும் என்று கொலின் தலையில் கை வைத்தான். கடைசியில் மானுக்கா இலை. அந்தக் காட்டு வாசம்தான், மானுக்குப் புதிதில்லை. நுனிக் கொப்பை உதட்டுக்கிடையில் கடித்துக்கொண்டால் சொல் நெஞ்சுக்குள்ளேயே நின்றது. மூன்று வாரம் தினமும் வேலையால் வந்து, இலையைக் கடித்துக்கொண்டு மணலுக்கு அம்பு விட்டார். புஷ்பவதி தொட்டிக்குப் பின்னால் இருந்து, "இல்லை, இல்லை, இப்ப ஒண்டும் கேக்கேல்லை," என்று அறிவித்தார்.

ஏப்ரல் நடுவில் ஒரு சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. பதினெட்டு மீற்றரில் ஒரு கிடா தலையைக் குனிந்து மேய்ந்தது. சோதிலிங்கத்தின் உதட்டில் இலை. அம்பில் இரண்டு அலகு முனை. நாணை இழுத்தார். மான் குனிந்தபடியே நின்றது. விட்டார். அது துள்ளி, பத்து எட்டு வைத்து ஓடி, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல் நின்று, அப்படியே சரிந்தது. அவர்கள் கிட்டப் போனபோது எல்லாம் அடங்கியிருந்தது. சோதிலிங்கம் குந்தியிருந்து காதை அதன் மூக்கருகே கொண்டுபோனார். நெடுநேரம் கேட்டார். பிறகுதான் இலையை எடுத்துவிட்டு, அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, "முருகா," என்றார். கொலின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

மாசிக்கு வந்து கார் நின்றபோது பொழுது சாயவில்லை. புஷ்பவதி வாசலில் நின்றார். சோதிலிங்கம் வில்லைத் தோளில் மாட்டியபடி இறங்கினார்.

"உடனேயோ?"

"ஓம். பத்து எட்டுத்தான்."

புஷ்பவதி கண்ணை மூடி, தலையைச் சற்றே இடப்பக்கம் சாய்த்து, அந்தக் குரலைக் கேட்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கிட்ட வந்து, விரலை மடக்கி, அவர் தோளில் தொங்கிய வில்லில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.