மீசை வைத்த மணப்பெண்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஒன்பது வயதிருக்கும். விருத்தாசலத்தில் அம்மா பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வரைந்துகொண்டிருந்தாள். மயிரிழை பிசகாமல் இமை இழுக்கும் அதே கை என் முதுகிலும் நன்றாக வேலை செய்யும். ஒருநாள் பழுக்கக் காய்ந்த கரண்டி என் கெண்டைக்காலில் பட்டது. கட்டுப் போட்ட நர்சம்மாவிடம், "அடுப்புல வுழுந்துட்டேன்" என்றேன். கெண்டைக்கால் மட்டும் தனியாகப் போய் அடுப்பில் விழும் வித்தையை அவர் நம்பவில்லை. அம்மாவைத் திட்டவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளை வரச் சொன்னார்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் நாலு அம்மாக்கள் கூடினார்கள். நான் ஜன்னலுக்குக் கீழே குந்தி ஒட்டுக்கேட்டேன்.

"செவ்வாக்கிழம மறுபடி கரண்டிய அடுப்புல வச்சுட்டேன்க்கா. அப்புறம் தண்ணியில போட்டுட்டேன்" என்றாள் அம்மா.

"எனக்கு வெளக்கமாறு" என்றது இன்னொரு குரல்.

எதிர்த்தெருப் பெரியம்மா சொன்னாள்: "கை ஓங்குச்சுன்னா அங்க நிக்காத. எங்க யாரு வூட்டுக்காச்சும் ஓடியாந்துடு."

எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. கூடி உட்கார்ந்து தொழில் கற்றுக்கொள்கிறார்கள்! தனியாக அடித்து மாளாவிட்டால் ஆள் கூப்பிட்டுக்கொள்ளவும் ஏற்பாடு.

இவ்வளவு பயந்தவள் வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். மறுவாரமே, அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பன்னிரண்டு மணப்பெண் பொம்மைகளுக்கும் மீசை வரைந்தேன். மெருகு போடாத பீங்கான் மையைக் குடித்துவிடும், துடைத்தாலும் போகாது என்பது பதினோராவது மீசையில்தான் ஞாபகம் வந்தது. ஒருத்தி மட்டும் எதற்குப் பாக்கி என்று அவளுக்கும் வைத்துவிட்டேன்.

அம்மா பார்த்தாள். சோறு கிண்டிய கரண்டி மேலே போனது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கரண்டிதான் தரையில் விழுந்தது. வெளித்தாழ்ப்பாள் போடும் சத்தம். ஜன்னலில் பார்த்தால், செருப்பில்லாமல் கொதிக்கும் வெயிலில் பெரியம்மா வீட்டுக்கு ஓடுகிறாள்.

ஆள் கூட்டிவரப் போகிறாள்! நாலு பேர், எட்டுக் கை. வீட்டிலிருந்த என் மூன்று பாவாடைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு கட்டிலடியில் புகுந்தேன். பாவாடைகள் புடைத்து, பாதி உடம்புதான் நுழைந்தது. அடிக்கத் தோதான பாதி வெளியே நின்றது. பயத்தில் மூன்றும் நனைந்துபோயின.

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது.

"ஏண்டி, கல்யாணத்துக்கா கெளம்புன, இத்தினி பாவாட?" பெரியம்மாவின் குரல்.

"அடிக்காதீங்க பெரிம்மா!"

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. அம்மா வாசற்படியைத் தாண்டவில்லை. "நீயே அவள வெளிய எடுக்கா. எனக்கு இன்னும் கை பரபரன்னுது" என்றாள்.

அடி வாங்காமல் தப்பிய பெருமை தாங்காமல் ஒரு வாரம் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்: "எங்கம்மா என்னப் பாத்து பயந்து ஓடிட்டாங்க, தெரியுமா?"

ஓடியது நிஜம். பயந்ததும் நிஜம். யாரைப் பார்த்துப் பயந்தாள் என்பது மட்டும்தான் எனக்கு அப்போது தெரியவில்லை.