குதிரைப் படத்துக்கு அடியில்

இரட்டைக் கோபுரங்கள் விழுந்த வருடம் நான் அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் நாலாம் வகுப்பு. சார்ட் செய்து வகுப்பில் பேச, சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு நாடு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு பிரான்ஸ், ஜப்பான். எனக்குத் துர்க்மெனிஸ்தான். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அத்தாவுக்கு ஏகக் குஷி. "நம்ம ஆளுங்கடி! ஊர்ல நம்மளத் துலுக்கன்னு திட்டுவானுங்க. அதுவும் இதே துருக்குதான். ராவுத்தர்னா சும்மாவா? குதிரையில வந்தவங்க!"

"ஆமா, உங்க அத்தாவுக்கு ஸ்கூட்டர்லயே பேலன்ஸ் வராது" என்றாள் அம்மா.

நூலகத்தில் அத்தாவும் நானும் தேடினோம். துர்க்மென் என்ற சொல்லுக்கு மூன்று விளக்கங்கள் கிடைத்தன. துருக்கரைப் போன்றவர் என்பது ஒன்று. அசல் துருக்கர் என்பது இன்னொன்று. ஆய்வாளர்கள் பலர் இதைத்தான் ஏற்கிறார்கள். ஈமான் கொண்ட துருக்கர் என்பது மூன்றாவது. ஈமான் என்றால் இறைநம்பிக்கை, வீட்டில் கேட்டு எனக்குத் தெரிந்த சொல். அதனால் அதையே சார்ட்டின் நடுவில் பச்சை மையில் பெரிதாக எழுதினேன்.

காலையில் பார்த்தால் அதன்மேல் ஒரு குதிரைப் படம் ஒட்டியிருந்தது.

"குதிரைதாம்மா அவங்க பெருமை. அத மட்டும் சொன்னாப் போதும்" என்றார் அத்தா, என் முகத்தைப் பார்க்காமல்.

"நாட் ஃபேர், அத்தா!"

அவர் சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டார். பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் திட்டினேன்.

வகுப்பில் பெற்றோர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்ததும் எல்லோர் முன்னாலும் குதிரையைப் பிய்த்தேன். பாதி கிழிந்து வந்தது. டீச்சர் குனிந்து பச்சை எழுத்தைப் படித்து, ஈமான் என்றால் என்ன என்று கேட்டார்.

"ஃபெய்த். எங்க வீட்லயும் இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

பின்வரிசையில் அத்தா கதவைப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பையன் அந்தக் குதிரை எவ்வளவு வேகம் ஓடும் என்று கேட்டான். கை தட்டினார்கள்.

அத்தா தரையில் கிடந்த குதிரைத் துண்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காரில், "நல்லாப் பேசுனம்மா" என்றார். சிக்னலில் நின்றபோது என் தலையில் வைத்த கையைப் பச்சை விழுந்தும் எடுக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அத்தா மேல் இல்லை. அந்த மாதம்தான் அவர், கல்யாணத்துக்கு முன்பிருந்தே வைத்திருந்த தாடியை எடுத்திருந்தார். ஏன் எடுத்தார் என்று தெரியாமல், கன்னத்தைத் தடவிப் பார்த்து, "அழகா இருக்கீங்க அத்தா, எப்பவும் இப்படியே இருங்க" என்று சொன்னவள் நான்தான்.