கண்மாய்த் திட்டில் ஒரு லைட்டவுஸ்

கடலே இல்லாத எங்கள் ஊருக்கு ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. தூத்துக்குடியில் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்ட ஏதோ ஒரு ஜமீன்தார், கண்மாய் நடுவிலிருக்கும் திட்டில் கட்டி வைத்தது. கண்மாயில் தண்ணீர் கிடப்பதே வருஷத்தில் இரண்டு மாதம். இதில் கப்பல் வேறு! அந்தக் கட்டடத்துக்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்தவள் வள்ளிமயில்தான்.

புருஷன் போன பிறகு கன்னி இன வெள்ளாடு மேய்த்தே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள் அவள். தாய் ஆடுகள் மேயப் போகும்போது பால்குடிக் குட்டிகளைக் கொடாப்பு என்கிற பெரிய கூடையைக் கவிழ்த்து மூடுவது வழக்கம். முட்டித் தள்ளாமலிருக்க மேலே ஒரு கல். நாய்த் தொல்லை இல்லாத இடமென்று லைட்டவுஸின் கீழ் அறையில்தான் மூடுவாள்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் ஏமாற்றிவிட்டன. மார்கழி மழை மண்ணுக்கும் உதவாது என்று பேசிப் பழகிய வாய் எங்களுடையது. தூறலைப் பார்த்தும் வழக்கம்போல மூடிவிட்டுப் போனாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மத்தியானத்துக்குள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மேலக் கண்மாய் உடைந்து, அந்தத் தண்ணீரும் இங்கே வந்தது. லைட்டவுஸ் வாசற்படி வரை வெள்ளம். உள்ளே குட்டிகள் கல்லுக்கடியில். கரையில் தாய் ஆடுகள் மடி கனத்துக் கத்தின.

வள்ளிமயில் என் பஞ்சர் கடைக்கு ஓடி வந்தாள்.

“அண்ணாச்சி, லாரி டியூப்பு ஒண்ணு குடுங்க.”

பின்னாலேயே அவள் கொழுந்தன் இசக்கிபாண்டி வந்தான். “மதினி, பொறுங்க. தீயணைப்புக்குச் சொல்லிருக்கு.”

“அவிய வாரதுக்குள்ள தண்ணி உள்ள போயிரும்.”

“தண்ணி இழுக்குது, கூறு இருக்கா உனக்கு?” என்று கத்தினேன்.

“கெணத்துல குதிச்சு வளந்தவ அண்ணாச்சி நான். கல்லத் தூக்கி வச்சது நாந்தானே? நானே எடுக்குதேன்.”

இப்படிப் பேசுகிறவளிடம் என்ன வாதாடுவது? டியூப்பில் காற்றடித்து, கிணற்றுக் கயிறுகளை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். அவள் காலை உதைத்து நீந்திப் போக, நாங்கள் இருவரும் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

வாசலுக்குள் போனவளை வெகுநேரம் காணோம். பிறகு மேல் ஜன்னலில் ஒரு கறுப்புக் குட்டி எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் அவள் முகம். நான் சிறுபிள்ளை மாதிரி விசிலடித்தேன்.

ராத்திரி முழுக்கக் குட்டிகளோடு மேலேயே இருந்துவிட்டு, மறுநாள் வெள்ளம் அடங்கியதும் கொடாப்பை நிமிர்த்தி டியூப்பில் வைத்து, குட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைசேர்த்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை. தாய்கள் மோந்து பார்த்து அவரவர் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டன.

அப்போதுதான் இசக்கிபாண்டி மென்று விழுங்கினான். “மதினி... நேத்தே ஒங்க வீட்டு மேலச் செவரு விழுந்துட்டு. சொல்ல வாய் வரல.”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடி தேடித் தடுமாறிய ஒரு குட்டியின் வாயில் காம்பைப் பிடித்து வைத்தாள்.

“கெடக்கட்டும். செவருக்குப் பசிக்காதுல்லா.”

கடைசிக் குட்டி குடித்து முடிக்கும்வரை அவள் கரையைவிட்டு அசையவில்லை.