அவள் சொல்லாததை நான் சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு தேனி பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தேன். எங்கள் கூடைப்பந்து அணி முதல்முறையாக அரையிறுதிக்கு வந்திருந்தது. போட்டிக்கு முந்தின நாள், பிள்ளைகளுக்கு உற்சாகம் ஏற்றுகிறேன் பேர்வழி என்று, கல்லூரிக் கூடத்தில் ஒரு வெளிநாட்டுப் படம் போட்டுக் காட்டினேன்.

வெள்ளைக்காரப் பையன்கள் மட்டுமே ஆடும் ஒரு கல்லூரி அணிக்குக் கறுப்பினப் பையன் ஒருவன் வருகிறான். யாரும் அவனோடு பேசுவதில்லை. பயிற்சியாளர் ஆவேசமாகப் பேசுகிறார், எல்லோரும் மனம் மாறுகிறார்கள், ஜெயித்துக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். எங்கள் பிள்ளைகளும் மூக்கை உறிஞ்சினார்கள். நானோ அந்தப் பயிற்சியாளராகவே ஆகிவிட்டேன். விளக்கைப் போட்டதும் இந்தப் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை.

எங்கள் அணியில் அதிகம் பாயின்ட் எடுக்கும் பெண்ணின் தோளில் கை வைத்து, அவள் என்ன சாதி என்று வாய்விட்டுச் சொல்லி, "இவளை நாம யாராச்சும் வித்தியாசமாப் பார்த்தோமா? நம்ம டீமும் இந்தப் படம் மாதிரிதான்!" என்றேன். உதவித்தொகைப் படிவத்தைப் பார்த்திருந்ததால் எனக்கு அது தெரியும். அணியில் மற்ற யாருக்கும் தெரியாது என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. கைதட்டுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் தட்டவில்லை. என் கைக்குக் கீழே அவள் தோள் விறைத்துப் போனது.

மறுநாள் காலை அவள் வருவாளா மாட்டாளா என்று வழியைப் பார்த்தபடி வேன் பக்கத்தில் நின்றேன். வந்தாள். அவள் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

ஆட்டம் தொடங்கியது. அவள் வளையத்துக்குக் கீழே தனியாகக் கை நீட்டி நிற்கிறாள். கேப்டன் பந்தை வேறு பக்கம் கொடுக்கிறாள். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, முதல் பாதி முழுக்க இதே கதைதான். தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தியும் காதில் வாங்கவில்லை.

இடைவேளையில் தண்ணீர் பாட்டில் சுற்றி வந்தது. எப்போதும் அவசரத்தில் எல்லோரும் வாய் வைத்தேதான் குடிப்பார்கள். சளி பிடிக்கும்டி என்று நான்தான் திட்டுவேன். அன்று அவள் குடித்துவிட்டுக் கொடுத்ததும் கேப்டன் பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து குடித்தாள். அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும். வெளியாட்கள் பார்த்தால் அதில் ஒன்றுமே தெரியாது, ஊரே அப்படித்தானே குடிக்கிறது! எனக்குத் தெரிந்தது.

அவளைத் தனியே கூப்பிட்டு, எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

"ஐயோ, வேணாம் மேடம். மறுபடியும் கூட்டத்தைக் கூட்டிறாதீக," என்றாள். "படத்துல அந்தப் பையன் நெறத்தை எல்லாரும் பார்த்தாக, அவனால மறைக்க முடியாது. என் விசயம் நான் சொன்னாத்தானே தெரியும்? சொல்றதா வேணாமான்னு நான்ல முடிவு பண்ணணும்? நீங்க ஏன் மேடம் சொன்னீக?"

 

ஆறு பாயின்ட் பின்தங்கியிருந்தோம். கேப்டனை வெளியே உட்கார வைத்தேன். எதுக்கு மேடம் என்று முறைத்தாள். "தனியா நிக்கிறவளுக்குப் பந்து போகல, அதுக்கு," என்றேன். படத்துப் பயிற்சியாளர் மாதிரி நான் பேச்சு எதுவும் பேசவில்லை. மாற்று ஆட்டக்காரி இறங்கினாள், தனியாக நின்றவளுக்குப் பந்தைக் கொடுத்தாள். அப்புறம் அவள் ஆடினாளே ஓர் ஆட்டம்! கடைசி நிமிடம் வரை நான் உட்காரவே இல்லை. ஒரே ஒரு பாயின்ட்டில் தோற்றோம். யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை.

படிப்பு முடியும் வரை அவள் எங்கள் அணியில் ஆடினாள். சில பிள்ளைகள் மெல்லப் பழையபடி பேசினார்கள், கேப்டன் கடைசிவரை பேசவில்லை. அந்தப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுவர ஆரம்பித்தாள்.

என்னை மன்னித்துவிட்டாயா என்று அவளிடம் இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால், அப்போதும் அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும்.