அடுப்பக்கா

செருப்பைக் கழற்றுவதற்குள், அந்த வீட்டில் எத்தனை இடத்தில் சமையல் நடக்கிறது என்பதை மூக்காலேயே எண்ணிவிடுவார் அக்கா. பிறகுதான் கதவைத் தட்டுவார். குடும்ப வருமானக் கணக்கெடுப்பு அவருடைய வேலை. வருடத்துக்கு ஒருமுறை அதே நூற்றிருபது வீடுகள், அதே கேள்விகள். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம் என்பது அலுவலக விதி. அதனால் முதல் கேள்வி எப்போதும், "இங்க எத்தனை அடுப்பு எரியுது?" அடுப்பக்கா என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

சம்பளத்தைக் கேட்டால் எல்லோருக்கும் ஞாபகமறதி வந்துவிடும். அக்கா அசரமாட்டார். "வரி ஆபீஸ்லயும் சொல்ல மாட்டேன், உங்க மாமியார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்பார். சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். ஆனால் யார் வீட்டிலும் ஒரு வாய் எதுவும் குடிக்க மாட்டார். குடித்தால் பேனா அந்த வீட்டுப் பக்கம் சாய்ந்துவிடும் என்று ஒரு நினைப்பு. அக்கா இருப்பது தம்பி வீட்டு மாடியில்; ஒற்றை அறை, தனி அடுப்பு. கீழே தம்பி குடும்பம் சிரிப்பது மேலே கேட்கும்.

பதினான்கு வருடமாகப் போகிற ஒரு வீடு, ஓய்வுபெற்ற பஸ் டிரைவருடையது. முதல் வருடம் அவர் சம்பளம் ஒன்றுதான். வருமானப் பட்டியலில் அந்த வீடு அடியில் கிடந்தது. மகன்கள் இருவரும் சம்பாதிக்கத் தொடங்கியதும் ஏறி ஏறி மேல் வரிசைக்கே வந்துவிட்டது. போன வருடம் டிரைவரின் மனைவி இறந்துபோனார். இந்த முறை மாடியில் ஒரு சமையல், பின்பக்கம் ஒரு சமையல். கூடத்து மூலையில் சின்னதாக ஒரு ஸ்டவ்.

"ஒரே வீடுதாம்மா. எப்பவும் போல ஒண்ணா எழுதிக்கோ" என்றார் டிரைவர்.

"நீங்க எங்க சாப்பிடுறீங்க அண்ணே?"

அவர் ஸ்டவ்வைப் பார்த்தார். "பசங்க நல்லவங்கதான். அவங்கவங்க நேரம் வேற." குரல் இறங்கியது. "தனி ஆளுன்னு மட்டும் போட்டுடாதம்மா. எழுத்துல பார்த்தா தாங்காது."

அந்த வார்த்தையின் கனம் அக்காவுக்குத் தெரியாததா? பதினான்கு வருடத்தில் ஒரு பொய் எழுதியதில்லை; இன்று எழுதினால் கேட்க ஆளுமில்லை. பேனா கட்டத்தின் மேலேயே நின்றது. கடைசியில் மூன்று படிவங்களை எடுத்தார். டிரைவருடையதில் ஆட்கள்: ஒன்று. வருமானம்: ஓய்வூதியம் மட்டும். பழைய அடி வரிசைக்கே வந்துசேர்ந்தார் மனிதர்.

டிரைவர் எழுந்துபோய் டீ போட்டு, இரண்டு கோப்பையில் ஊற்றிக் கொண்டுவந்தார். "நீ குடிக்க மாட்டேன்னு தெரியும். கை பழக்கம், ரெண்டா ஊத்திடுது."

அக்கா பேனாவை மூடிப் பையில் போட்டார். கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். "இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடுங்க அண்ணே" என்று அதை அவரிடமே நீட்டினார்.