மூடியில் வைத்த பொட்டு

வேதா எதையும் மறக்கிற ஆள் இல்லை. கீழ்பென்னாத்தூரில் அவளோடு படித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: ஐந்தாம் வகுப்பில் தன் சிலேட்டை உடைத்தவளோடு பத்தாவது முடிகிற வரைக்கும் பேசாதவள். அப்பேர்ப்பட்டவளின் அக்காவைப் போய்க் கொன்றால் சும்மா விடுவாளா?

கொன்றார் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. வேதாதான் சொன்னாள். தொண்ணூற்று நான்கில், சித்திரா பௌர்ணமியன்று காலையிலேயே கிரிவலம் கிளம்பிய அக்கா பொன்னிக்கு, அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் கடைவாய்ப் பல் உயிரை எடுத்தது. டவுனில் டாக்டர் சக்கரபாணியின் பல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள் வேதா. அங்கேயும் திருவிழாக் கூட்டம். முந்தின ஆளின் வாயிலிருந்து எடுத்த கொறட்டை டெட்டால் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, அதே கையோடு பொன்னியின் பல்லைப் பிடுங்கினார் டாக்டர். வேதா அப்போது நர்சிங் முதல் வருஷம். தப்பு என்று தெரிந்தது, கேட்கத்தான் தைரியமில்லை.

மூன்றே மாதத்தில் பொன்னியின் கண் மஞ்சளாயிற்று. ரத்தத்தின் வழியாகத் தொற்றுகிற காமாலை என்றார்கள். ஆடி முடிவதற்குள் போய்ச் சேர்ந்தாள். நியாயம் கேட்கப் போன அப்பாவிடம், உங்க ஊர்த் தண்ணி சரியில்லை என்று சொல்லி அனுப்பினார் அந்த மகராசன்.

படிப்பு முடிந்ததும் அரசு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மற்ற நர்சுகள் தலைதெறிக்க ஓடுகிற ஸ்டெரிலைசர் அறையை வேதா கேட்டு வாங்கினாள். ஏழு வருஷம் கத்தியையும் கத்திரியையும் கொறட்டையும் ஆவியில் வேக வைத்தாள். ஒவ்வொரு கொறட்டிலும் அவளுக்குச் சக்கரபாணியின் முகம்தான் தெரிந்தது.

இரண்டாயிரத்து நாலில் தனியார் பல் ஆஸ்பத்திரிகளைச் சோதிக்க ஒரு குழு போட்டார்கள். தலைவர் டாக்டர் சுரேஷ்குமார். கருவிச் சுத்தம் தெரிந்த ஒரு நர்ஸ் வேண்டும் என்றார். வேதா முன்னால் போய் நின்றாள். சுரேஷ்குமார் நல்ல மனுஷன்தான், வம்பு என்றால் மட்டும் காத தூரம் ஓடுவார்.

கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம் போனார்கள். சக்கரபாணிக்கு வேதாவை அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தால்தான் அதிசயம். காபி வரவழைத்தார். பெரிய குக்கர் மாதிரி ஆவியில் கிருமியைக் கொல்கிற புதுப் பெட்டியைப் பெருமையாகக் காட்டினார். தீபக் கூட்டத்தில்கூடத் தினம் நாலு தடவை ஓட்டினோம் என்று அளந்தார். திருப்தி என்று எழுதச் சுரேஷ்குமார் பேனாவை எடுத்துவிட்டார்.

பொய் எழுதியாவது இந்தக் கடையை இழுத்து மூட வேண்டும் என்ற முடிவோடுதான் வேதா வந்திருந்தாள். பெட்டியின் கிட்டே போய்ப் பார்த்ததும் பொய்க்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும், மூடியும் பெட்டியும் சேருகிற இடத்தில் இரண்டின் மேலும் அப்பி, காய்ந்து, ஒரு கீறல்கூட விழாமல் இருந்தன.

"சார், இத தொறந்தா பொட்டு ஒடையும். ஆயுத பூஜையிலேர்ந்து இத யாரும் தொறக்கவே இல்ல" என்றாள்.

சக்கரபாணிக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் சமாளித்தார். பெட்டியில் போடாவிட்டால் என்ன, எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்ததுதான், சுத்தத்துக்கு நான் கேரன்டி என்றார். எச்சரிக்கை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடலாமே என்கிற மாதிரி சுரேஷ்குமார் வேதாவைப் பார்த்தார்.

வேதா கையுறை மாட்டிக்கொண்டாள். அடுத்த நோயாளிக்கென்று தட்டில் எடுத்து வைத்திருந்த கொறட்டைத் தூக்கினாள். அதன் மூட்டில் பழைய ரத்தம் கறுத்துக் கிடந்தது. அதை டாக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சுத்தம்னு சொல்றீங்க இல்ல? வாய தொறங்க சார். கடவாப் பல்ல லேசா தொட்டுட்டு எடுத்துடறேன்."

சக்கரபாணி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். உதட்டை இறுக்கிக்கொண்டார். பாவம் என்று வேதாவுக்குத் துளியும் தோன்றவில்லை. பத்து வருஷத்தில் முதல் தடவையாக வயிறு குளிர்ந்தது.

"எங்க அக்கா பொன்னி தொறந்தா சார், உங்கள நம்பி" என்றாள்.

சுரேஷ்குமார் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, ஆஸ்பத்திரியைப் பூட்டிச் சீல் வைக்கச் சொல்லி எழுதினார். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்கும் சக்கரபாணி வாயைத் திறக்கவில்லை. வேதாவும் கொறட்டைக் கீழே இறக்கவில்லை.